ரோண்ட்கன் பட்டறை ஏன் மர மொசைக்கைக் கைவிட்டது?

பெர்லின் கலைத்தொழில் அருங்காட்சியகத்தில் மூன்றரை மீட்டருக்கும் அதிக உயரமான ஓர் அலமாரி நிற்கிறது. சாவியைத் திருப்பினால் கதவுகள் தானாக விரிகின்றன, இழுப்பறைகள் வெளியே நீள்கின்றன, பலகை ஒன்று எழுந்து வாசிப்புத் தாங்கியாக மாறுகிறது. 2012-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் நடத்திய கண்காட்சியையொட்டி வெளிவந்த இதன் வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருக்கலாம்.

அந்த வீடியோவில் எல்லோரும் இழுப்பறைகளைத்தான் பார்க்கிறார்கள். திறக்கும் கதவுகளின் மேல் இருக்கும் படங்களை யாரும் கவனிப்பதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம். கிட்டப் போனால் பெயின்ட் கிடையாது, தூரிகை பட்ட இடம் கிடையாது, உளியால் கீறிய கோடுகூட இல்லை. முகத்தின் வெளிச்சம், கழுத்தடி நிழல், துணியின் மடிப்பு எல்லாமே தனித்தனி மரத்துண்டுகள். அக்காலத்தவர் இதை மொசைக் முறை என்றே அழைத்தார்கள்.

ஜெர்மனியின் நொய்வீட் ஊரில் இதைச் செய்த பட்டறையின் தலைவர் டேவிட் ரோண்ட்கன் (1743–1807). ஐரோப்பாவின் அரசர்கள் இவருடைய மரச்சாமான்களை வாங்க வரிசையில் நின்றார்கள். பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த மொசைக்தான். ஆனால் பட்டறை தன் புகழின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோதே அந்த வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மொத்தமாகப் பார்த்தால் பத்துப் பதினைந்து வருடக் கதை. இவ்வளவு அரிய ஒரு முறையைக் கண்டுபிடித்தவர்களே அதை ஏன் ஓரங்கட்டினார்கள் என்பதுதான் இங்கே நாம் பார்க்கப் போவது.

அப்பா போட்ட அடித்தளம்

டேவிடின் அப்பா ஆபிரகாம் ரோண்ட்கன், 1711-இல் பிறந்தவர். தச்சுக் குடும்பம். இளம் வயதில் ஹாலந்திலும் லண்டனிலும் வேலை செய்து தொழில் கற்றார். லண்டனில் இருந்தபோது மொராவியன் சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்தார். அந்தச் சபைக்காக ஊழியம் செய்ய வட அமெரிக்காவுக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பினார். 1740-களில் ஹெர்ன்ஹாக் என்ற சபைக் குடியிருப்பில் பட்டறை போட்டார். அந்த வட்டாரத்து ஆட்சியாளருக்கும் சபைக்கும் ஒத்துவராமல் போக, 1750-இல் எல்லோரும் இடம் பெயர்ந்து ரைன் நதிக்கரையில் உள்ள நொய்வீட்டுக்கு வந்தார்கள்.

மொராவியன் சபையினர் நம் பக்கமும் வந்தவர்கள்தான். 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, நிக்கோபார் தீவுகளுக்குப் போகும் திட்டத்தோடு ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். 1803 வரை அங்கே இருந்தார்கள். போகும் இடமெல்லாம் ஊழியத்தோடு கைத்தொழிலும் செய்து பிழைப்பது அவர்கள் வழக்கம்.

நொய்வீட் ஏன் முக்கியம்? அந்தக் கால ஜெர்மன் நகரங்களில் தச்சர் சங்கங்களின் பிடி இறுக்கமானது. ஒரு மாஸ்டர் எத்தனை பேரை வேலைக்கு வைக்கலாம், தச்சன் பூட்டு செய்யலாமா, வெண்கலம் வார்க்கலாமா என்பதையெல்லாம் சங்கம்தான் முடிவு செய்யும். நொய்வீட் பிரபு தன் ஊருக்குக் குடிவருபவர்களுக்கு மத சுதந்திரம் கொடுத்தார். ரோண்ட்கன் பட்டறைக்கு சங்கக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. அதனால் தச்சர், கடிகாரக்காரர், பூட்டு செய்பவர், உலோக வேலைக்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார முடிந்தது. பாரிஸில் அதே சாமானைச் செய்ய நாலு தெருவில் நாலு பட்டறைகளுக்கு அலைய வேண்டும். பின்னால் வந்த எல்லா வெற்றிக்கும் இந்த ஒரு சலுகைதான் வேர் என்பேன்.

ஆபிரகாம் காலத்து வேலையும் லேசுப்பட்டதல்ல. ட்ரியர் பேராயர் போன்ற பெரிய இடத்து வாடிக்கையாளர்களுக்குத் தந்தம், பித்தளை, முத்துச்சிப்பி பதித்த மேசைகள் செய்து கொடுத்தார். ஆனால் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர் வாங்குபவர்களை வற்ற வைத்துவிட்டது. கடன் ஏறியது. விற்காத சாமான் பட்டறையில் குவிந்தது.

அப்போதுதான் மகன் டேவிட் ஒரு காரியம் செய்தார். 1769-இல் ஹாம்பர்கில் லாட்டரி நடத்தினார். சீட்டு வாங்கியவர்களுக்குப் பரிசு, பட்டறையின் சாமான்கள். சபைப் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, சூதாட்டம் என்றார்கள். (அதே சபைதான் கல்யாணம் போன்ற முக்கிய முடிவுகளுக்குக்கூடச் சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது, அது தெய்வ சித்தம் அறிய, இது காசுக்கு என்பது அவர்கள் கணக்கு.) எப்படியோ லாட்டரி கைகொடுத்தது. 1772-இல் பட்டறைப் பொறுப்பு முழுக்க டேவிட் கைக்கு வந்தது.

கோடு இல்லாமல் நிழல் எப்படி வரும்?

மெல்லிய மரத்தகடுகளை வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு சாதா மரச் சட்டகத்தின் மேல் ஒட்டிப் படம் உண்டாக்குவது ஐரோப்பாவில் பழைய வேலை. ரோண்ட்கன் கண்டுபிடித்ததல்ல. பிரச்சினை நிழலில்தான் இருந்தது. ஒரு ரோஜா இதழை ஒரே மரத்துண்டில் வெட்டி ஒட்டினால் அது தட்டையாக, கத்தரித்த காகிதம் மாதிரித் தெரியும். அதற்கு வட்டம் வேண்டும், ஆழம் வேண்டும்.

வழக்கமாக இரண்டு வழி. ஒன்று, சூடான மணலில் துண்டின் ஓரத்தைச் செருகிக் கருக வைப்பது. ஓரம் பழுப்பாகி நிழல் போல் ஆகும். இரண்டாவது, ஒட்டி முடித்த பிறகு கூரான ஆயுதத்தால் மெல்லிய கோடுகள் கீறி, அதில் கறுப்புப் பசையை நிரப்புவது. கண், மூக்கு, இலை நரம்பு எல்லாம் இப்படித்தான் வந்தன. பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். அப்பா ஆபிரகாம் காலத்துப் பட்டறையும் இதைத்தான் செய்தது.

கீறலில் ஒரு குறை உண்டு. மரச்சாமான் வருடக்கணக்கில் துடைக்கப்படும், சுரண்டி மறுபடி பாலிஷ் போடப்படும். ஒவ்வொரு முறையும் மேல்பரப்பு கொஞ்சம் போகும். அம்மியில் கொத்திய பள்ளம் அரைக்க அரைக்கத் தேய்வதுபோலக் கோடும் தேயும். அம்மியையாவது திரும்பக் கொத்தலாம். இங்கே மறுபடி கீறுபவர் மூலக் கலைஞராக இருக்கமாட்டார். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் முகமே இல்லாத மர மனிதர்களையும் நரம்பில்லாத இலைகளையும் பார்க்கலாம். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் கோடு இருந்தது, போய்விட்டது.

1770-களின் முதல் பாதியில் நொய்வீட் பட்டறை கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டையும் கருகலையும் விட்டது. நிழல் வேண்டுமா, நிழலுக்கென்று ஒரு துண்டு. அரை நிழலுக்கு இன்னொன்று. ஒரு கன்னத்துக்கு வெளுத்த மேப்பிள், அதை அடுத்துச் சற்றே மங்கிய துண்டு, தாடைக்குக் கீழே இன்னும் அடர்ந்த துண்டு என்று நிறம் படியிறங்கும். சில துண்டுகள் நெல் அளவுக்கும் குறைவு. கண்ணின் மேல்இமை ஒரு நூல் தடிமனில் தனியாக வெட்டி வைத்தது. நிறம் மரத்தின் கனம் முழுக்க ஓடுவதால், மேலே கொஞ்சம் தேய்ந்தாலும் படம் போகாது.

சொல்வது சுலபம். ஓவியர் கொடுத்த படத்தை முதலில் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எந்த இடத்தில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது? ஓவியத்தில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும், மரத்தில் எல்லை வைத்தே ஆகவேண்டும். அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் மொத்த சாமர்த்தியமும். தவறான இடத்தில் வைத்தால் முகத்தில் தேமல் வந்த மாதிரி ஆகிவிடும். பிறகு மரத்தின் வரியோட்டம். ஒரே பலகையில் வெட்டிய இரண்டு துண்டுகளைத் திசை மாற்றி வைத்தால் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கலாகவும் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் வரிகளில் பட்டுத் திரும்பும் கோணம் வேறு. உடையின் மடிப்புகளுக்கு இதை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் நிறம். இயற்கை மரத்தில் மஞ்சள், பழுப்பு, சிவப்பு, கறுப்பு கிடைக்கும். பச்சையும் நீலமும் கிடைக்காது. மேப்பிள், ஹாலி போன்ற வெளுத்த, நெருக்கமான மரங்களைச் சாயக் கரைசலில் ஊறவைத்து நிறமேற்றினார்கள். இரும்பு உப்பில் ஊறிய மேப்பிள் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகும். அன்றைய தகடு ரம்பத்தால் கையில் அறுத்தது, இன்றைய வெனீரைவிடப் பல மடங்கு கனம். சாயம் உள்ளே வரை இறங்க நாள் பிடிக்கும். வெட்டிய துண்டுகளை நேர்செய்து காகிதத்தில் ஒட்டிப் பிடிக்க வைத்து, மிருகத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சூடாகப் பூசி, ஓக் போன்ற மரச் சட்டகத்தின் மேல் அழுத்தி ஒட்டுவார்கள். காய்ந்தபின் சுரண்டிச் சமன்செய்து மெருகேற்ற வேண்டும். சுரண்டும்போது ஒரு துண்டு பெயர்ந்தால் அந்த இடத்துக்கு அதே நிறத்தில், அதே வரியில் இன்னொன்று தேட வேண்டும். சாயத்தொட்டி இரண்டாம் முறை அதே நிறம் தராது என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இன்று நாம் பார்ப்பது மங்கிய பிரதி. வெளிச்சம் சாயத்தைத் தின்றுவிட்டது, பச்சை இலைகள் பழுப்பாகிவிட்டன, வெளுத்த மரங்கள் மஞ்சளாகிவிட்டன. இந்த மாதிரிப் பழைய வேலைகளைப் பழுதுபார்க்கப் பிரிக்கும்போது தகட்டின் பின்பக்கத்தில் மட்டும் பழைய நிறம் பளீரென்று இருக்கும். கோட்டின் தேய்மானத்திலிருந்து தப்பியவர்கள் வெளிச்சத்திடம் மாட்டிக்கொண்டார்கள்.

படம் யார் போட்டது?

வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் யானுவாரியுஸ் சிக் என்ற ஓவியர். மொசைக் வேலையில் பெயர் தெரியும் கைவினைஞர் மிகேல் ரும்மர். கடிகாரமும் இசைக்கருவியும் பீட்டர் கின்ட்சிங் பொறுப்பு. டேவிட் தானே உட்கார்ந்து எத்தனை துண்டு வெட்டினார் என்பதைவிட, இந்த ஆட்களைச் சேர்த்து ஒரே சாமானுக்குள் அடக்கினார் என்பதுதான் அவருடைய திறமை. இன்றைய பேச்சில் சொன்னால் அவர் தச்சரைவிட அதிகமாக ஒரு தயாரிப்பாளர்.

மொசைக்கின் எல்லையை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று பார்த்தது பிரசெல்ஸ் வேலையில். ஆஸ்திரிய நெதர்லாந்தின் (ஏறக்குறைய இன்றைய பெல்ஜியம்) ஆளுநர் லொரேன் இளவரசர் சார்லஸ், பட்டறையின் பெரிய ரசிகர். அவருக்கு முதலில் பெரிய அலமாரி ஒன்று போனது. அப்புறம் 1779-இல், அரண்மனைப் பார்வை மண்டபத்தின் சுவருக்கென்றே இரண்டு பிரம்மாண்ட மொசைக் பலகைகள். சிக் வரைந்த படங்கள். ரோமானிய வரலாற்றுக் காட்சிகள், ஆளுயர மனிதர்கள். ஒன்றில் ரோமரும் சபைன்கள் என்ற அண்டை இனத்தாரும் சமாதானம் ஆகிறார்கள், மற்றதில் தளபதி ஸ்கிப்பியோவின் பெருந்தன்மை. இப்போது வியன்னாவின் எம்ஏகே என்ற கலைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என் கருத்தில் இது கொஞ்சம் வரம்பு மீறிய வேலை. சாமானின் கதவில் முழங்கை நீளப் படமாக இருக்கும்போது மரம் மரமாகவும் இருக்கிறது, படமாகவும் இருக்கிறது. சுவரளவுக்குப் போனால் அது ஓவியத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் மரம் எப்போதும் ஒரு படி பின்னால்தான். சார்லஸ் 1780-லேயே இறந்துபோனார். அந்த அளவில் இன்னொரு வேலை வரவில்லை.

பாரிஸ்

1774-இல் டேவிட் பாரிஸ் போனார். அங்கே குடியேறியிருந்த ஜெர்மன் செதுக்கு ஓவியர் வில்லெ அவருக்குக் கலைஞர்களை அறிமுகம் செய்துவைத்தார். அடுத்த ஐந்து வருடத்தில் அவர் பிடித்த உயரம் அசாதாரணமானது. 1779-இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு பெரிய மொசைக் அலமாரியை 80,000 லிவ்ருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வாங்கினார்.

இந்தத் தொகையை எதனோடு ஒப்பிடுவது? பதினைந்தாம் லூயியின் புகழ்பெற்ற சுருள்மூடி மேசை, இன்றும் வெர்சாய் அரண்மனையில் இருப்பது, 1760-இல் பாரிஸ் தச்சர் ஓபென் தொடங்கி, அவர் 1763-இல் இறந்தபின் இன்னொரு தச்சர் ரீசனேர் 1769-இல் முடித்தது. ஒன்பது வருட உழைப்பு. அதற்கு ஆன விலை 62,800 லிவ்ர். வெளியூர்க்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த சாமான் அதையும் தாண்டியது. பாரிஸ் தச்சர்கள் சும்மா இருப்பார்களா? நகரத்தில் விற்க வேண்டுமானால் சங்கத்தில் சேர் என்றார்கள். 1780-இல் பணம் கட்டி மாஸ்டர் ஆனார், ‘டேவிட்’ என்று முத்திரையும் குத்திக்கொண்டார். சொந்த ஊரில் சங்கத்திடமிருந்து தப்பியவர், பாரிஸில் சங்கத்துக்குச் சந்தா கட்டினார்.

பெர்லின் அலமாரியும் அதே 1779-ஐச் சேர்ந்தது. அப்போது பிரஷ்ய இளவரசராக இருந்த, பின்னாளில் அரசரான இரண்டாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்குப் போனது. பாரிஸ் அலமாரி இன்று முழு உருவில் இல்லை, பிரித்துவிட்டார்கள். பெர்லினில் இருப்பதைப் பார்த்துத்தான் பாரிஸில் இருந்ததை ஊகிக்க முடியும்.

திருப்பம்

1784. ரஷ்யப் பேரரசி காதரினுக்கு ஒரு மேசை போகிறது. உச்சியில் அப்பல்லோ சிலை, கூடவே பேரரசியின் செல்ல நாயின் சிறு உருவம். வாடிக்கையாளரின் பலவீனம் தெரிந்த வியாபாரி. கேட்ட விலை 20,000 ரூபிள். பேரரசி 25,000 கொடுத்து, மேலே ஒரு தங்கப் பொடிடப்பியும் தந்தார். அதன்பின் பீட்டர்ஸ்பர்குக்குச் சாமான்கள் தொகுப்புத் தொகுப்பாகப் போயின. மேசை இன்று அந்த ஊரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது அந்த மேசையின் உடம்பு. பளபளக்கும் மஹோகனி, அதன்மேல் பொன்முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடு. படம் கிடையாது. மொசைக் கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன் மர ஓவியத்தால் பிரான்ஸ் அரசரை மடக்கியவர், இப்போது மரத்தை மரமாகவே காட்டுகிறார். அதற்குப் பிறகு பட்டறையின் போக்கு பெரும்பாலும் இதுதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ரசனை. கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பார்த்துத் தூணும் பீடமுமாகச் சாமான் செய்யும் காலம் வந்துவிட்டது; இங்கிலாந்து பாணி மஹோகனி மோகம் பாரிஸிலும் பிடித்தது. மொசைக்கில் வரும் பூக்கூடைகளும் குடை பிடித்த சீனர்களும் பழசாகிவிட்டன. சரி, உண்மைதான். ரீசனேரே 1780-களில் எளிய பரப்புகளுக்கு மாறினார்.

ஆனால் ரசனை மட்டும் போதிய விளக்கமாக எனக்குப் படவில்லை. பட்டறை எப்படிச் சம்பாதித்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ரோண்ட்கன் ஆர்டருக்காகக் காத்திருப்பவர் அல்ல. முன்கூட்டியே செய்து, வண்டியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோய் அரசவையில் காட்டி விற்பவர். அதற்காகவே மேசைக் கால்களைத் திருகிக் கழற்றும்படி செய்தார். கழற்றிக் கட்டினால் வண்டியில் இடம் மிச்சம், வழியில் உடையாது. ஒரே அளவுச் சட்டகத்தில் வேறு வேறு அலங்காரம் ஏற்றுவார். எந்திர அமைப்புகளும் அப்படித்தான், ஒருமுறை கின்ட்சிங் தீர்த்துவைத்த சிக்கல் அடுத்த மேசைக்கும் உதவும்.

மொசைக் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ஒவ்வொரு பலகையும் புதிதாக, துண்டு துண்டாக, பல மாதம். ரும்மர் போன்ற ஒரு கை இன்னொருவருக்கு எளிதில் வராது. ஆட்களைக் கூட்டி வேகத்தைக் கூட்ட முடியாது. மஹோகனி அப்படியல்ல: நல்ல பலகையாகப் பொறுக்கி, அறுத்த தகடுகளை வரி பொருந்தும்படி விரித்து ஒட்டினாலே மரம் தானாகத் தீப்பிழம்பு போல ஒளிவிடும். வெண்கல அலங்காரத்தைப் பாரிஸில் ஃபிரான்ஸுவா ரெமோனிடம் வாங்கிக்கொள்ளலாம். கட்டடம் போல அடுக்கலாம், கழற்றலாம், ஏற்றலாம். அரசவையில் கைதட்டல் வாங்கிக் கொடுக்கச் சாவியைத் திருப்பும் வித்தை இருக்கவே இருக்கிறது. எதை விட்டாலும் அந்த எந்திரத்தை அவர் விடவில்லை. அதே 1784-இல் கின்ட்சிங்கோடு சேர்ந்து செய்த, சுத்தியலால் தந்திகளைத் தட்டி எட்டு மெட்டுகள் வாசிக்கும் பெண் பொம்மை, மாரி அந்துவானெத் அரசி வழியாக பிரெஞ்சு அறிவியல் அகாடமிக்குப் போய், இப்போது பாரிஸ் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, சங்க விலக்கு கிடைத்ததால் வந்த பெரிய பட்டறைதான் மொசைக்கைச் சாத்தியமாக்கியது. அதே பட்டறை இன்னும் பெரிதானபோது மொசைக் அதற்கு வேகத்தடை ஆயிற்று. ரசனை மாறியது டேவிடுக்கு நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் நல்ல சாக்கு. வெளியூர்ச் சந்தையை நம்பி ஓடும் எந்தக் கைத்தொழில் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது மிக நுணுக்கமான வேலைதான், ஏனென்றால் அதற்குத்தான் நேரத்துக்கு விலை போட முடியாது.

ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கலாம்: சாயம் மங்குவதை அவர்களே சில வருடத்தில் பார்த்திருப்பார்கள், அதனால் விட்டிருப்பார்கள். தர்க்கம் சரி. ஆனால் விற்றுப் போன சாமான் பத்து வருடம் கழித்து வெளுப்பதைப் பற்றி இவ்வளவு கெட்டிக்கார வியாபாரி தூக்கம் கெட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பட்டறை மூடல்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும் பாரிஸ் சந்தை அவிந்தது. வாங்கக்கூடியவர்கள் ஓடிப்போனார்கள் அல்லது தலை இழந்தார்கள். 1791-இல் பிரஷ்ய அரசர் அவருக்குக் கௌரவப் பதவி கொடுத்தார், அது சோறு போடவில்லை. ரைன் பக்கம் பிரெஞ்சுப் படை வந்தபோது நொய்வீட்டில் வேலை நடத்த முடியாமல் போனது. 1790-களின் நடுவில் பட்டறை மூடப்பட்டது. அப்பா ஆபிரகாம் 1793-இல், மொராவியன் சபையின் தலைமையிடமான ஹெர்ன்ஹூட்டில் காலமாகியிருந்தார். டேவிட் 1807-இல் வீஸ்பாடனில் இறந்தார். பட்டறையைத் தொடர அவருக்குப் பின் ஆள் இல்லை.

ஆட்கள் சிதறினார்கள். பட்டறையில் வேலை பார்த்த டேவிட் ஹாக்கர் பெர்லினில் தனிக்கடை போட்டார். ஹைன்ரிஷ் காம்ப்ஸ் பீட்டர்ஸ்பர்கில் தங்கி 1790-களில் சொந்தப் பட்டறை திறந்தார். ரஷ்ய அரசவைக்கே சாமான் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்து, மகன்கள் காலத்திலும் அந்தப் பெயர் நிலைத்தது. காம்ப்ஸின் ஆரம்பகால மேசைகளைப் பார்த்தால் எங்கே கற்றார் என்று கேட்கவே வேண்டாம்: பொறுக்கியெடுத்த மஹோகனி, பொன்முலாம் பூசிய வெண்கலம், ஒளிந்திருக்கும் இழுப்பறைகள். நொய்வீட்டிலிருந்து அவர் எடுத்துப் போனது இவைதாம். அவர் வேலை கற்ற காலத்தில் அங்கே மர மொசைக்கைச் சொல்லித்தர வேண்டிய தேவை ஏற்கெனவே போய்விட்டிருந்தது.